கட் சொன்ன பிறகும்

அத்தியாயம் 17

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன புருஷன், விடிவதற்குள் சலாம்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? தில்ஷாத்துக்கு வெங்காயம் உரிக்காமலே கண் எரிந்தது.

அந்தத் தட்டைத் தள்ள வைத்தது மகள் சுஹைனாவின் ஒரே ஒரு கேள்விதான். வேன் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணியில் திரை தைத்துத் தரச் சொல்லியிருந்தார் கௌஸ் மொய்தீன். தில்ஷாத்தும் ஏன் எதற்கு என்று கேட்காமல் தைத்துக் கொடுத்தாள். சுஹைனாதான் கேட்டாள், வேலைக்கு வருகிற ஆட்கள் வெளியே வேடிக்கை பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று. சினிமாக்காரர்கள் கேட்டார்கள் என்று முனகிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது.

கௌஸ் மொய்தீன் கெட்டவர் என்று இத்தனை வாரம் கூடவே வந்தவர்கள் சொல்லமாட்டார்கள். வசதிப்பட்ட நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவர், அவ்வளவுதான். ஓசூரில் வேன்கள் வைத்து, கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். கம்பெனி சொந்தமாக பஸ் விட்டதும் வேன்கள் வீட்டு வாசலில் தூங்க ஆரம்பித்தன. அடுத்த மாதம் சுஹைனாவுக்கு நிக்காஹ் வேறு. அந்த நேரம் பார்த்துத்தான் பர்கூர் பக்கம் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. சமையல் பொறுப்பு வீட்டம்மாவுக்கு, ஆள் கொண்டுவந்து விடுவது பாய்க்கு என்று பேசி முடித்தார்கள்.

கொத்தடிமைகளைப் பற்றிய படமாம். அடைத்துவைத்து வேலை வாங்குகிறவர்களிடமிருந்து ஒரு குடும்பம் எப்படித் தப்பிக்கிறது என்பது கதையாம். சென்னையிலிருந்து வந்த துணை நடிகர்களைப் பார்த்து டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கல்லுடைக்கிற ஆள் வெயிலுக்குக் குடை கேட்டால் யார் நம்புவார்கள்? நிஜ முகம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கௌஸ் மொய்தீன் எங்கேயோ விசாரித்து, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஜல்லி கிரஷரில் ஆள் வைத்து வேலை வாங்கும் பெருமாள் மேஸ்திரியைப் பிடித்தார். அந்த ஆட்கள் முதல் முறையாக வரும் நாள் இன்று.

தில்ஷாத் இன்னொரு வேனில் அண்டாக்களோடு பர்கூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பழைய கிரானைட் குவாரி அது. ஊரையே உள்ளே வைத்து மூடலாம் போல அவ்வளவு பெரிய பள்ளம். கீழே ஷூட்டிங், மேலே கரையில் தகரம் போட்ட சமையல் கொட்டகை. பள்ளத்தில் போன் எடுக்காது. யாருக்காவது பேச வேண்டுமானால் மூச்சு வாங்க மேலே ஏறி அவள் கொட்டகைக்கு வந்தாக வேண்டும். அதனால் யூனிட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவள் கீழே எட்டிப் பார்த்தாள். கறுப்புத் திரை போட்ட வேனில் வந்தவர்கள் பாறையடியில் வரிசையாகக் குத்துக்காலிட்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக ஒரு வேன் நிறைய ஆட்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பெருமாள் மேஸ்திரி மட்டும் செல்போன் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு, கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்.

முதல் ஷாட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்கள் சம்மட்டியால் கல்லை உடைக்க வேண்டும், பெண்கள் கூடையில் சுமக்க வேண்டும். டைரக்டர் ஆக்‌ஷன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து கட் என்றார்.

அவர்கள் நிற்கவில்லை.

கேமரா நின்றுவிட்டது. விளக்கு அணைந்துவிட்டது. டச்சப் செய்யும் பையன் கண்ணாடியோடு கதாநாயகியிடம் ஓடினான். சம்மட்டிச் சத்தம் மட்டும் ஓயவில்லை. உதவி டைரக்டர் நவீன்குமார் மைக்கைப் பிடித்து மறுபடி மறுபடி கட் என்று கத்தினான். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் பெருமாள் மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து ஊதினார். ஊதிய கணத்தில் அத்தனை சம்மட்டியும் தரைக்கு வந்தன.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். இப்படி நடிப்பதற்கு எங்கள் ஊரில் வருஷக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள் என்றார். மொத்த யூனிட்டும் கைதட்டியது.

தில்ஷாத்தின் கை மட்டும் எழவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஷிப்ட் ஆட்களைப் பார்த்துப் பழகியவள் அவள். சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே கை கழுவக் கிளம்புகிறவன்தான் வேலைக்காரன். நிறுத்து என்று சொன்ன பிறகும் நிறுத்தப் பயப்படுகிறவனை அவள் இதுவரை பார்த்ததில்லை.

மத்தியானம் பள்ளத்திலேயே பந்தி. யூனிட்டுக்குப் பிரியாணி, கூட்டத்துக்கு லெமன் சாதம் போதும் என்று புரொடக்‌ஷனில் சொல்லியிருந்தார்கள். தில்ஷாத் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே அண்டாவிலிருந்துதான் எல்லோருக்கும் போட்டாள். சாப்பிட ஒரு விசில், எழுந்திருக்க ஒரு விசில். இரண்டுக்கும் நடுவே அவர்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

மறுசோறு வாங்க வந்த பெண்ணுக்கு சுஹைனாவைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கலாம். தட்டை நீட்டிக்கொண்டு, உதடு அசைவது தெரியாமல் கேட்டாள்.

"அக்கா, இது எந்தூருக்கா?"

பர்கூர் என்றாள் தில்ஷாத்.

"எந்தப் பர்கூரு?"

"நம்ம கிருஷ்ணகிரி பர்கூர்தான் கண்ணு. தெரியாமத்தான் வந்தியா?"

அந்தப் பெண்ணின் தட்டு சாய்ந்து சோறு கொஞ்சம் மண்ணில் விழுந்தது. குனிந்து அதைப் பொறுக்கியபடியே அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"இங்கருந்து சிங்காரப்பேட்டைக்கு பஸ்ஸு இருக்குதாக்கா?"

மத்தூர் போய் ஊத்தங்கரையில் மாற வேண்டும், பொழுதோடு போய்விடலாம் என்றாள் தில்ஷாத்.

"போறதுக்கு இல்லக்கா. இருக்குதான்னு தெரிஞ்சிக்கத்தான்."

விசில் ஊதியது. அவள் வெடுக்கென்று எழுந்துகொண்டாள்.

தில்ஷாத் சும்மா விடுகிறவள் இல்லை. பெருமாள் மேஸ்திரி மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் தட்டில் இன்னும் இரண்டு துண்டு கறியைப் போட்டு, பாத்திரம் கழுவ ஆள் போதவில்லை, அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் மேலே விடுங்கள் என்று கேட்டாள். கறி வேலை செய்தது.

"பாயம்மா கேட்டா இல்லேன்னா சொல்லப் போறேன்" என்றவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் குரலை மாற்றினார். "ஏய், பேகா பேகா, சீக்கிரமா முடிச்சிட்டு கீழ வா."

பெயர் பார்வதி. அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அவளும் புருஷன் மூர்த்தியும் மாமியார் வைத்தியத்துக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு கிரஷருக்குப் போனவர்கள். அந்தப் பணம் எத்தனை வேலை செய்தும் கழியவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். பொங்கலுக்கு விடவில்லை. அந்த மாமியார் செத்தபோதும் விடவில்லை. இன்றைக்கு விடியற்காலையில் ஏற்றினார்கள். ஜன்னலில் கறுப்புத் துணி, வண்டி எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியவில்லை. வந்து இறங்கி, சாப்பாட்டுப் பந்தியில் நம்மூர்ப் பேச்சைக் கேட்ட பிறகுதான் சந்தேகமே வந்ததாம்.

அந்தத் துணியைத் தைத்த கை தில்ஷாத்தின் கை. வெட்கமாக இருந்தது அவளுக்கு. தீக்கங்கை விழுங்கினாற்போல இருந்தது.

ஓடிவிடக் கூடாதா, இது நம்ம ஜில்லாதானே, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவார்களே என்று கேட்டாள். பார்வதி அண்டாவிலிருந்து தலையை வெளியே எடுத்தாள்.

"வெளிய இட்டுக்கிட்டுப் போனா கொழந்தைங்கள நிறுத்திக்குவாங்கக்கா. எம் பொண்ணு லாவண்யா அங்க ஷெட்ல கெடக்குது. நாங்க பொழுதுக்குள்ள திரும்பலேன்னா அதுங்கள வேற எங்கியாச்சும் மாத்திடுவாங்க. முன்ன ஒரு குடும்பம் ஓடிப்போச்சு. அவங்க பையன் எங்க இருக்கறான்னு இன்னும் தெரியல."

லாவண்யாவுக்கு இப்போதுதான் முன்பல் விழுந்திருக்கிறது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

கரை ஓரத்து வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தி, டிரைவர் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் கௌஸ் மொய்தீன். தூங்கவில்லை. தூங்குகிறவர் அப்படி இமையை இறுக்கிக்கொள்ளமாட்டார். தில்ஷாத் கதவைத் திறந்து, கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் முதலில் கோபப்பட்டார். ஏற்றி வந்து இறக்குவது மட்டும்தான் தன் வேலை, அவர்களுக்கும் மேஸ்திரிக்கும் என்ன கணக்கோ என்றார். பிள்ளைகள் விஷயத்துக்கு வந்ததும் குரல் தாழ்ந்தது.

"கொழந்தைங்கள நானும் பாத்தேன். ஆள் பேசப் போன அன்னைக்கு. பால்வாடின்னு நெனச்சேன் தில்ஷாத். பன்னுகூட வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்."

"பால்வாடிக்கு வெளிப்பக்கமாவா பூட்டுப் போடுவாங்க?"

பூட்டை அவர் பார்த்திருந்தார். பன்னை ஜன்னல் கம்பி வழியாகத்தான் கொடுத்திருந்தார். அப்போது மனசில் உறுத்தியதை வரும் வழியில் டீ குடித்து மறந்திருந்தார்.

அப்புறம் மெதுவாக ஒரு சமாதானம் சொன்னார். இன்றைக்கு இவர்களைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன், மகளுடைய நிக்காஹ் முடியட்டும், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அதற்கப்புறம் யாரிடமாவது எடுத்துச் சொல்லலாம் என்றார். ஊர் உலகத்தில் எல்லாத் தகப்பனும் சொல்லக்கூடிய சமாதானம்தான். காலையில் சொல்லியிருந்தால் தில்ஷாத்தும் சரி என்றிருப்பாள்.

"ஜூஜுவாடி செக்போஸ்ட்டத் தாண்டிட்டா அப்புறம் இவங்கள எங்கன்னு போய்த் தேடறது?" என்றாள். "அந்தப் பக்கம் கேட்டா இந்தப் பக்கத்து ஆளுங்கம்பாங்க. இந்தப் பக்கம் கேட்டா அந்தப் பக்கத்து எடம்பாங்க. இன்னைக்கு ஒரு நாள்தான் இவங்க நம்ம மண்ணுல நிக்கறாங்க. நீங்க கொண்டாந்ததால நிக்கறாங்க."

அவரிடமிருந்து பதில் வரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. சுஹைனாவுக்குப் போன் போட்டாள். அவளுக்கு இரண்டாம் ஷிப்ட், வீட்டில்தான் இருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் பேச கிருஷ்ணகிரியிலிருந்து சுப்ரியா என்று ஒரு வருவாய்த்துறை அதிகாரி வந்து, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று எண் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தில்ஷாத் விஷயத்தைச் சொன்னாள். சுஹைனா கேள்வி ஏதும் கேட்காமல் வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"அம்மா, மேடம் லைன்ல இருக்காங்க. வண்டி யாரோடது, ஓட்டிட்டு வந்தது யாருன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

ஆட்களைக் கடத்தி வந்த வண்டி என்று நாளைக்கு வழக்கு எழுதினால் முதல் பெயர் யாருடையதாக இருக்கும் என்று தில்ஷாத்துக்குத் தெரியாதா? அந்த மனுஷனோடு அவளும் எத்தனையோ வருஷம் நல்லது கெட்டது பார்த்தவள். அவர் ஜெயிலுக்குப் போவதை எப்படிப் பார்ப்பாள்? பெயரைச் சொல்லாமல் வைத்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். பார்வதி கழுவிய அண்டாவையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

"உங்க மக கேக்கறா. நீங்களே சொல்லிடுங்க."

கௌஸ் மொய்தீன் போனை வாங்கினார். அந்தப் பக்கம் சுஹைனா அத்தா அத்தா என்று கூப்பிடுவது கேட்டது. அதைக் காதில் வைத்தார்.

"எம் பேரு கௌஸ் மொய்தீன். வண்டி என்னுது. ஓட்டிட்டு வந்ததும் நான்தான்."

அதற்குப் பிறகு வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. மேஸ்திரி பெயர், ஆட்கள் விவரம், ஷெட், பூட்டு எல்லாவற்றையும் சொன்னார். இடத்தைச் சொல்லும்போதுதான் சிக்கியது. அத்திப்பள்ளி தாண்டி, தைலமரத் தோப்புக்குள் புகுந்து போகும் மண்பாதை. பெயர்ப்பலகை கிடையாது, கிளைப்பாதைகள் ஏகப்பட்டது. வாயால் சொன்னால் யாரும் போய்ச் சேர முடியாது என்றார். அந்தப் பக்கத்து அதிகாரிகளிடம் பேசி, ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதுவரை இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சுப்ரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போனை வைத்ததும் அவர் சாவியைத் திருகினார்.

நகரக் கூடாது என்றார்களே என்று தில்ஷாத் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவங்க பேசி முடிச்சுப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும், பூட்டை நான்தான் பார்த்தேன், வழியும் எனக்குத்தான் தெரியும் என்றார் அவர். அவர் கண்ணைப் பார்த்தாள். அழுகிறாரா பயப்படுகிறாரா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கதவை விட்டுவிட்டாள்.

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி பார்வதி ஏறி உட்கார்ந்தாள்.

"கண்ணு, நீ எறங்கு. ஆபீசருங்க வந்துக்கிட்டிருக்காங்க. இன்னிக்கே உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"இந்த வண்டிதாங்க்கா காலையில என்னை ஏத்திட்டு வந்துச்சு. மறுபடி இதைப் பாத்தா எம் பொண்ணு ஓடிப்போய் ஒளிஞ்சிக்கும். யாரு கூப்பிட்டாலும் வராது. நான் கூப்பிட்டாத்தான் வரும்."

எந்த வண்டியிலிருந்து தப்ப வேண்டுமோ அந்த வண்டியிலேயே, எந்த இடத்திலிருந்து தப்ப வேண்டுமோ அந்த இடத்துக்கே அவள் கிளம்பிவிட்டாள். தில்ஷாத் ஜன்னல் திரைகளைப் பிடித்து இழுத்துக் கிழித்தாள். அவளுக்கு அப்போது செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். வேன் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

இனி பெருமாள் மேஸ்திரி மேலே வரக் கூடாது. வந்தால் வேன் இல்லாதது தெரியும், பார்வதி இல்லாதது தெரியும், போனும் எடுக்கும். ஒரே ஒரு அழைப்பு போதும், ஷெட் காலியாகிவிடும். தில்ஷாத் பள்ளத்துக்குள் இறங்கினாள். நவீன்குமாரைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் எடுக்கிற கதை உங்கள் கண் எதிரிலேயே நடந்துகொண்டிருக்கிறது தம்பி என்று ஆரம்பித்துச் சொன்னாள்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் கைதட்டியவன் அவன். முகம் செத்துப்போய்விட்டது. நேராக டைரக்டரிடம் போய்க் காதில் ஓதினான். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், அந்த ஆட்களைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் பெருமாள் மேஸ்திரியைத் தேடிப் போனார்கள்.

படத்தில் வரும் கொடுமைக்கார மேஸ்திரி வேஷத்துக்கு உங்களைப் போல முகவெட்டு யாருக்கும் இல்லை, நடிக்க முடியுமா என்று கேட்டார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? காலையிலிருந்து அவர் தலை சீவியது இதற்குத்தானே. மூஞ்சியில் பவுடர் பூசினார்கள். தொப்பி வைத்தார்கள். வசனம் எதுவும் தேவையில்லை, நீங்கள் வழக்கமாக எப்படி அதட்டுவீர்களோ அப்படியே அதட்டுங்கள் என்றார் டைரக்டர்.

பெருமாள் அதட்டினார். ஒரு டேக், இன்னொரு டேக், கோணம் மாற்றி இன்னொன்று. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பிடித்துவைத்திருப்பதைச் சொல்லி, அந்தப் பிள்ளைகள் உயிரோடு வேண்டுமா வேண்டாமா என்று கேமராவைப் பார்த்து அவர் போட்ட சத்தம் பாறையில் மோதித் திரும்பியது. ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கேமராவும் மைக்கும் ஓடிக்கொண்டே இருந்தன. ஆட்கள் தலை குனிந்து கல்லை உடைத்தார்கள். தில்ஷாத் அடிக்கொருதரம் மேலே சாலையைப் பார்த்தாள். வாய்க்குள் துஆ ஓடிக்கொண்டே இருந்தது.

ஜீப்புகள் வந்தபோது வெயில் பாறையின் பாதிக்கு இறங்கியிருந்தது. காக்கிச்சட்டைகள் பள்ளத்துக்குள் இறங்கி வந்ததைப் பார்த்துப் பெருமாள் மேஸ்திரிக்கு ஒரே குஷி.

"போலீஸ் சீனும் இன்னைக்கே எடுக்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

அவர் கையை அவர்கள் பிடித்தபோதுதான் அது சினிமா போலீஸ் இல்லை என்று புரிந்தது. சட்டைப் பையிலிருந்து விசில் கீழே விழுந்தது. ஊதுவதற்கு ஆள் இல்லாததால் அந்த மக்கள் வெகுநேரம் வேலையை நிறுத்தவில்லை. சுப்ரியா ஒவ்வொருவராகப் போய், தோளைத் தொட்டு, கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

அதைப் பார்த்து தில்ஷாத் அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டே அழுதாள்.

எல்லோரையும் மேலே கொட்டகைக்கு ஏற்றி, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். சுப்ரியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு தில்ஷாத்திடம் வந்தார்.

"வண்டி எங்கம்மா? உங்க வீட்டுக்காரர் எங்க?"

"கொழந்தைங்களக் கூட்டிட்டு வரப் போயிருக்காருங்க. இவங்கள்ல ஒரு பொண்ணும் கூடப் போயிருக்குது."

நகராதீர்கள் என்று சொன்னேனே என்றார் சுப்ரியா. கூட நின்ற போலீஸ்காரர் லேசாகச் சிரித்தார். வழக்கில் மாட்டப்போகிற ஆள் பார்டருக்கு அந்தப் பக்கம் போய்விட்டான், போகிற போக்கில் சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான், இதை நாங்கள் நம்ப வேண்டுமா என்றார். நியாயமான கேள்விதான். தில்ஷாத் புருஷனுக்குப் போன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் திரும்பி வரும் வரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று சொல்லி, அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது சுஹைனா கூப்பிட்டாள்.

"அம்மா, அத்தா இப்பத்தான் பேசினாரு."

"எங்க இருக்காராம்?"

"சொல்லல. நிக்காஹ்வுக்கு நான் இல்லாட்டி சின்னத்தா நின்னு உன்னைக் கொடுக்கட்டும்னாரு. ஏன்த்தான்னு கேக்கறதுக்குள்ள வெச்சிட்டாரு. அதுக்கப்புறம் எடுக்கவே மாட்டேங்கறாரு."

தில்ஷாத் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். மகளைக் கைபிடித்துக் கொடுக்கத் தகப்பன் நிற்கமாட்டேன் என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? தண்டனையை ஏற்றுக்கொள்ளத் துணிந்தவரும் இதைத்தான் சொல்வார். ஒரேயடியாக ஓடிப்போகத் துணிந்தவரும் இதைத்தான் சொல்வார். அவரோடு குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தையும் புரட்டிப் பார்த்தாள். இது எது என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

தண்ணீர் குடித்து முடித்த ஆட்களில் ஒருவன் எழுந்தான். எழுந்திருக்கலாமா என்று கேட்பதற்கு ஆளைத் தேடினான். யாரும் அதட்டவில்லை என்றதும் கொட்டகையைச் சுற்றி ஒரு முறை நடந்தான். கழுவிக் காயவைத்திருந்த பாத்திரங்களைப் பார்த்தான், வேப்பமரத்தடியைப் பார்த்தான். பிறகு தில்ஷாத்தின் முன்னால் வந்து கைகட்டி நின்றான்.

"நான் மூர்த்திங்க்கா. பார்வதியோட வூட்டுக்காரன். பாத்திரம் கழுவ நீங்கதான் அவளை மேல இட்டாந்தீங்களாம். அவ எங்கக்கா?"